மெட்ராஸ் பெயர் தாங்கிய ஸ்பிட்ஃபயர்: 1/48 அளவில் சரியாகக் கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்க்கால விமானங்களின் ஸ்கேல் மாடல் கட்டுகிறேன் என்று சொன்னால் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் துண்டுதுண்டாகப் பதில் சொல்வதைவிட, ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் அதை வைத்தே பதில் சொல்லலாம் என்று இதை எழுதினேன். அந்த விமானம் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் முதல் வகையான மார்க் 1, வரிசை எண் என்3277, உடலில் எழுதிய எழுத்துகள் ஏஇசட்-எச், பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு).

ஆயிரக்கணக்கான ஸ்பிட்ஃபயர் இருக்கும்போது ஏன் இது?

இரண்டு காரணம். முதலாவது, 234ஆம் ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் 234 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன். போர் நிதி திரட்டித் தந்த பகுதிகளின் பெயரை ஸ்குவாட்ரனோடு சேர்ப்பது இரண்டாம் உலகப் போரில் வழக்கமாக இருந்தது, நம் சென்னை மாகாணத்தின் பெயர் 234க்கும் 264க்கும் போனது. 264 டிஃபையன்ட் என்ற வேறொரு போர்விமானத்தை ஓட்டியது, 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. பட்டியலில் முதன்முதலாக இந்தப் பெயரைப் பார்த்த அன்று வேறு எதையும் கட்டத் தோன்றவில்லை.

இரண்டாவது காரணம்தான் மாடல் கட்டுபவருக்கு முக்கியம். 1940 ஆகஸ்ட் 15 அன்று பைலட் ஆபீசர் ரிச்சர்ட் ஹார்டி இந்த விமானத்தை ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில், பிரான்சின் ஷெர்பூர் பக்கம் ஜெர்மானியர் வசமிருந்த இடத்தில் இறக்க வேண்டியதாயிற்று. அவர் போர்க்கைதி ஆனார். விமானம் பெரிதாக நொறுங்காமல் கையில் கிடைத்ததால் ஜெர்மானியர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். இங்கிலாந்தில் நின்ற எத்தனையோ ஸ்பிட்ஃபயர்களுக்கு ஒரு படம்கூட இல்லை, எதிரி கையில் சிக்கியதாலேயே இதற்கு இருக்கிறது.

வரலாற்றுத் துல்லியம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லா ஸ்பிட்ஃபயரும் ஒரே மாதிரிதானே?

இல்லவே இல்லை. நான் முதலில் கட்டியதும் வெறுமனே “ஒரு ஸ்பிட்ஃபயர்”தான். பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்துக் கட்டினேன். முடித்து ஆறு மாதம் கழித்துதான் தெரிந்தது, அதன் இறக்கை ஒரு வருடத்தையும் வால் இன்னொரு வருடத்தையும் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று.

ஸ்பிட்ஃபயர் 1938 ஆகஸ்டில் டக்ஸ்ஃபர்டில் 19ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. அங்கிருந்து 1940 முடிவதற்குள், அதே மார்க் 1 என்ற பெயரோடு, அதற்கு நடந்த மாற்றங்களைப் பாருங்கள். இரண்டு அலகு (சுழலும் இறகு) மரப் புரொப்பெல்லர் போய் மூன்று அலகு வந்தது. தட்டையான கண்ணாடி மூடி போய் புடைத்த மூடி வந்தது. முன்கண்ணாடியில் குண்டு துளைக்காத தடித்த கண்ணாடி ஏறியது. சக்கரத்தைக் கையால் பம்ப் அடித்து மடக்கிய நிலை மாறி எஞ்சினால் இயங்கும் பம்ப் வந்தது. அடிப்பக்க நிறம் பலமுறை மாறியது. நாட்டின் அடையாளமாக வரையும் வட்டக்குறியின் அளவு, அது இருக்கும் இடம், வால் பட்டைகள் எல்லாமே மாதக்கணக்கில் மாறின. எனவே “ஸ்பிட்ஃபயர் மார்க் 1” என்று ஒரு பொருள் கிடையாது. ஒரு குறிப்பிட்ட விமானம், ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்பது மட்டும்தான் உண்டு. பசையைத் திறக்கும் முன் அந்த நாளை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் ஒட்டுங்கள். என்னிடம் “15 ஆகஸ்ட் 1940” என்று ஒட்டியிருந்தது. சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு எடுத்தேன்.

எந்த அளவில் கட்டுவது நல்லது?

ஸ்பிட்ஃபயரின் இறக்கை விரிவு 11.23 மீட்டர், நீளம் 9.12 மீட்டர். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, இறக்கை சுமார் 156 மி.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும். 1/32 அளவில் 351 மி.மீ., தனி அலமாரி வேண்டும். நான் எடுத்தது 1/48. அதில் இறக்கை விரிவு 234 மி.மீ. வருகிறது. கணக்குப் போட்டபோது ஸ்குவாட்ரன் எண்ணே வந்து நின்றது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது தற்செயல்தான், ஆனால் 1/48க்கு வேறு நல்ல காரணமும் உண்டு: காக்பிட்டுக்குள் கண்ணால் பார்க்கிற அளவு விவரம் தெரியும், இடமும் அடைக்காது.

இதுவரை ஒன்றும் கட்டாதவர் என்றால் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 மார்க் 1 கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கி ஒன்று கட்டிப் பழகுங்கள். கெட்டுப்போனாலும் மனசு வலிக்காது. அப்புறம் 1/48க்கு வாருங்கள். தமியா 2018இல் புதிதாக அச்சு வார்த்து வெளியிட்ட மார்க் 1 இருக்கிறது, எடுவார்ட் 2020இல் வெளியிட்டது இருக்கிறது. தமியாவின் பாகங்கள் தானாகவே போய்ப் பொருந்தும். எடுவார்டில் மேற்பரப்பில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசை முழுவதும் இருக்கும். பழைய தமியா கிட், 1990களில் வந்தது, இன்னமும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் உடல் வடிவ விகிதத்தில் பிசகு உண்டு. துல்லியம் முக்கியம் என்று இறங்குபவர் அதைத் தவிர்க்கலாம்.

புகைப்படத்தை எப்படிப் படிப்பது? எல்லாம் கறுப்பு வெள்ளைதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் இரண்டு வகை பிலிம் புழக்கத்தில் இருந்தது. ஆர்த்தோகுரோமாட்டிக் என்பது சிவப்பைப் பார்க்காது. அதில் சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாக விழும், மஞ்சளும் இருட்டாகவே விழும், நீலம் வெளுத்துத் தெரியும். பான்குரோமாட்டிக் பிலிமில் எல்லா நிறமும் ஓரளவு நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளிர்வோடு வரும்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்றால், விமானத்தின் உடலில் உள்ள வட்டக்குறியைப் பாருங்கள். நடுவில் சிவப்பு, அடுத்து வெள்ளை, அடுத்து நீலம், வெளியே மஞ்சள். இந்த நான்கு நிறமும் நமக்கு முன்பே தெரியும். படத்தில் மஞ்சள் வளையம் கறுத்து நீலத்தைவிட இருட்டாக இருந்தால் அது ஆர்த்தோ பிலிம், அந்தப் படத்தை வைத்து பழுப்பு எது பச்சை எது என்று முடிவு கட்டக்கூடாது. மஞ்சள் பளிச்சென்று இருந்தால் பான், நம்பலாம். வட்டக்குறிதான் உங்கள் அளவுகோல். எத்தனையோ பேர் ஆர்த்தோ படத்தைப் பார்த்துவிட்டு “இந்த விமானத்தில் மஞ்சள் வளையமே இல்லை” என்று நினைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, ஒரு படத்தைப் பெரிதாக்கி அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து விளிம்புகளைப் பென்சிலால் எடுங்கள். கண் பார்க்காததைக் கை பார்க்கும். எழுத்தின் தடிமன், வட்டக்குறிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, நிறம் மாறும் கோடு வட்டத்தை எங்கே வெட்டுகிறது, இதெல்லாம் அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது.

மியூசியத்தில் இருக்கும் விமானத்தைப் பார்த்துக் கட்டினால் போதாதா?

வடிவத்துக்குப் போதும், நிறத்துக்குப் போதாது. லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை மியூசியத்தில் எக்ஸ்4590, இம்பீரியல் வார் மியூசியத்தில் ஆர்6915, சயின்ஸ் மியூசியத்தில் பி9444 என்று 1940இல் பறந்த மார்க் 1 விமானங்கள் இருக்கின்றன. இறக்கை வேரின் வளைவையும் எஞ்சின் மூடியின் புடைப்பையும் அவற்றின் படங்களில் படிக்கலாம். ஆனால் எண்பது வருடத்துக்கு மேல் ஆன விமானத்தில் பெயின்ட் எத்தனை முறை மாறியிருக்கும், பாகம் எத்தனை மாறியிருக்கும். இன்றும் பறக்கிறவற்றில் நவீன ரேடியோவும் ஏறியிருக்கும்.

டில்லியில் பாலம் என்ற இடத்தில் உள்ள நம் விமானப்படை மியூசியத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. போய் நிற்க வேண்டிய இடம்தான், ஆனால் அது போரின் பின்பகுதியில் வந்த வகை, எஞ்சினே வேறு. மூக்கு, வால் எதுவும் 1940க்கு உதவாது.

கிட் பெட்டியைத் திறந்ததும் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

புரொப்பெல்லர். 1940 கோடையில் மார்க் 1இல் பெரும்பாலும் இருந்தது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மூன்று அலகு, அதன் முனைக்கூம்பு சற்றுக் கூராக இருக்கும். ரோட்டால் நிறுவனத்தின் புரொப்பெல்லர் வந்த விமானங்களில் கூம்பு மொண்ணையாக இருக்கும். பல கிட்டுகளில் இரண்டும் வரும், கூடவே ஆரம்பகால இரண்டு அலகும் சில பெட்டியில் வரும். தவறானதை மாட்டிவிட்டால் மாடலின் முகமே மாறிப்போகும். ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன்களின் புரொப்பெல்லர்களை ஒரே சுழல்வேகம் காக்கும் வகைக்கு மாற்றினார்கள். பைலட்டுகளுக்கு அது பெரிய வரம், ஆனால் மாடலில் காட்ட வெளியே ஒன்றும் தெரியாது.

அடுத்து இறக்கையின் அடிப்பக்கம். மார்க் 1இல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. வலது இறக்கைக்குக் கீழே செவ்வகப் பெட்டிபோலக் குளிர்விப்பான், இடது இறக்கைக்குக் கீழே ஒல்லியான ஆயில் கூலர். இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி வந்தது பின்னால் வந்த மார்க் 9இல். இதை இடம் மாற்றி ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒட்டிக் காய்ந்தபின் பிரிப்பது பெரும்பாடு.

மூன்றாவது, இறக்கை மேல்நோக்கி ஏறும் கோணம். ஸ்பிட்ஃபயரில் அது 6 டிகிரி. அட்டையில் 6 டிகிரி முக்கோணம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு, இறக்கையை ஒட்டும்போது இரண்டு பக்கமும் அதன்மேல் உட்கார வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரு இறக்கை தொங்கினால் மொத்தமும் போச்சு.

இறக்கையின் பின்விளிம்பைத் தேய்க்கத்தான் வேண்டுமா?

வேண்டும். ஒரு கணக்குப் போடுங்கள். கிட்டில் பின்விளிம்பு அரை மி.மீ. தடிமன் இருந்தால் உண்மை விமானத்தில் அது 24 மி.மீ., ஏறத்தாழ ஒரு அங்குலத் தடிப் பலகை. நிஜத்தில் அது கத்திபோல இருக்கும். இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு முன்பே உள்பக்கத்தை 400 உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து மெலிதாக்குங்கள். ஒட்டிய பிறகு தேய்த்தால் மேலே உள்ள கோடுகள் அழிந்துவிடும்.

ரிவெட் போட வேண்டுமா, கூடாதா?

இதில் கைகலப்பு வரைக்கும் போவார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். கிட்டில் பேனல் கோட்டின் (தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் கோடு) அகலம் 0.2 மி.மீ. என்றால் நிஜத்தில் அது ஒரு சென்டிமீட்டர் பள்ளம். எந்த விமானத்திலும் அப்படிக் கிடையாது. எனவே கோடுகளை ஆழமாக்காதீர்கள், கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) விட்டு நிரப்பி வலை போட்டதுபோல ஆக்காதீர்கள்.

ரிவெட் பற்றி ஒரு நல்ல சங்கதி உண்டு. முதல் மாதிரி விமானமான கே5054, 1936 மார்ச் 5 அன்று ஈஸ்ட்லீயில் முதன்முதலாகப் பறந்தது. அதில் ரிவெட் தலைகள் மேற்பரப்போடு சமமாக இருந்தன. அப்படிச் செய்வது செலவு அதிகம். எங்கெல்லாம் உருண்டைத் தலை ரிவெட் போட்டால் பரவாயில்லை என்று தெரிந்துகொள்ள, உடைத்த பட்டாணியை ஒவ்வொரு ரிவெட் மேலும் பசை வைத்து ஒட்டிப் பறக்கவிட்டார்கள். எல்லா இடத்திலும் பட்டாணி இருந்தபோது வேகம் மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துச் சோதித்து, எங்கே சமத்தலை கட்டாயம், எங்கே உருண்டைத் தலை போதும் என்று முடிவு செய்தார்கள். அதனால்தான் மார்க் 1இன் இறக்கை வழவழவென்றும் காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள உடல் புள்ளிபுள்ளியாகவும் இருக்கும். உங்கள் மாடலிலும் அந்த வித்தியாசம் தெரிந்தால் போதும். பின்னுடலில் வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் ரிவெட் தென்பட வேண்டும், இறக்கையின் முன்விளிம்பில் தென்படவே கூடாது.

காக்பிட்டுக்குள் எவ்வளவு செய்வது?

மூடியைத் திறந்து வைப்பதாக இருந்தால் செய்யுங்கள், மூடி வைப்பதாக இருந்தால் இருக்கைப் பட்டையும் குறிபார்க்கும் கருவியும் போதும். உள்நிறம் சாம்பல் கலந்த பச்சை. பட்டையை ஈயத்தாளில் வெட்டி, துணி மடிவதுபோல மடித்து ஒட்டினால் அச்சில் வரும் பிளாஸ்டிக் பட்டையைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

மேல்பக்க நிறம்?

பழுப்பும் பச்சையும், அதாவது டார்க் எர்த், டார்க் க்ரீன். சாம்பலும் பச்சையும் 1941 ஆகஸ்டில்தான் வந்தது, 1940 விமானத்துக்கு அதை அடிக்காதீர்கள். ஹம்ப்ரால் 29 என்ற பெயின்ட் பழுப்புக்குச் சரி, பச்சைக்குத் தமியா எக்ஸ்எஃப்-81 எனக்குப் பிடித்தது.

வடிவம் இரண்டு வகை, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். வரிசை எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்தார்கள், ஆனாலும் விதியை நம்பாமல் படத்தைப் பாருங்கள். இரண்டு நிறமும் சேருமிடத்தில் ஏர்பிரஷ் வைத்துப் புகைபோலக் கலக்கிவிடுவது பலரும் செய்கிற தவறு. நிஜத்தில் அந்தக் கலப்பு ஓரிரு அங்குலம்தான். 1/48இல் அது அரை முதல் ஒரு மி.மீ. எனவே கோடு கிட்டத்தட்டத் தெளிவாக இருக்க வேண்டும். புளூடாக் என்ற களிமண் போன்ற ஒட்டுப்பொருளை நூல்போல உருட்டி விளிம்பில் வைத்து, நேர்மேலிருந்து அடித்தால் சரியாக வரும்.

அடிப்பக்கம் என்ன நிறம்? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

ஆளுக்கொன்று சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கே ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரிதான் இருந்தது. போர் தொடங்கியபோது அடிப்பக்கம் ஒரு இறக்கை கறுப்பு, ஒரு இறக்கை வெள்ளை. தரையில் இருக்கும் பிரிட்டிஷ் ஆட்கள் தங்கள் விமானத்தை அடையாளம் காண. 1940 ஜூனில் உத்தரவு வந்தது, இனி அடிப்பக்கம் முழுக்க “ஸ்கை” என்ற வெளிர் பச்சை கலந்த நிறம். உத்தரவு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது, பெயின்ட் போய்ச் சேரவில்லை. கையில் இருந்ததைக் கலந்து அடித்தார்கள். சிலது நீலமாக, சிலது பச்சையாக, சிலது வெளுப்பாக இருந்தது.

அப்புறம் 1940 நவம்பர் கடைசியில் இடது இறக்கையின் அடிப்பக்கம் மறுபடி கறுப்பானது. அதே சமயத்தில்தான் வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றி ஒரு ஸ்கை நிறப் பட்டையும் ஸ்கை நிற முனைக்கூம்பும் வந்தன. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட், செப்டம்பர் 1940 ஸ்பிட்ஃபயரில் அந்தப் பட்டை கிடையாது. நான் கட்டிய முதல் மாடலில் இருந்த தவறு இதுதான், கடைகளிலும் கண்காட்சிகளிலும் இன்றும் அதிகம் பார்க்கிற தவறும் இதுவே.

இறக்கைக்கு அடியில் வட்டக்குறி உண்டா?

ஜூனில் எடுத்தார்கள், ஆகஸ்டில் திரும்பப் போட்டார்கள். நம் விமானம் இறங்கியது ஆகஸ்ட் 15. பாருங்கள், எப்படிப்பட்ட நாளைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டோம் என்று. அந்த வாரத்தில் ஒரே ஸ்குவாட்ரனில் பக்கத்துப் பக்கத்து விமானங்கள் வேறுபட்டிருக்கலாம். 234 அப்போதுதான் கார்ன்வாலின் செயின்ட் ஈவலிலிருந்து மிடில் வாலப்புக்கு வந்திருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் அடிப்பக்கம் தெரிகிற படம் கிடைக்கும்வரை டீகாலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட குறி) ஒட்டாமல் வைத்திருப்பதுதான் ஒழுங்கு.

உடலில் உள்ள வட்டக்குறிக்கு மஞ்சள் வளையம் 1940 மேயில் வந்தது, வால் துடுப்பில் மூவண்ணமும் அப்போதுதான். மஞ்சள் வளையத்தோடு 35 அங்குல விட்டம் என்றால் 1/48இல் 18.5 மி.மீ. டீகால் தாளை வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள். ஒரு மி.மீ. பிசகினாலே கண்ணுக்குத் தெரியும்.

டீகால் மஞ்சளடித்துவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். ஜிப் கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும் பக்கமாக ஒட்டிவைத்தால் சில நாளில் வெளுத்துவிடும். தினமும் பாருங்கள், அதிகம் விட்டால் நிறமும் போகும். ஒட்டும்போது மேட் பெயின்ட் மேல் நேராக ஒட்டாதீர்கள், அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி மாதிரி மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டீகால், கடைசியில் மேட் வார்னிஷ்.

சென்னை மாதிரி ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்துப்போகிறதே?

ஒரு ஐப்பசி மாதம், வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, எனக்கோ அன்றே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். மூன்று வாரம் உழைத்த மாடல்மேல் லாக்கர் மேட் வார்னிஷ் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் இடது இறக்கைமேல் பால் ஊற்றியதுபோல வெண்படலம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, அதனால் வருவது இது. அன்று காப்பாற்றியது மெதுவாக ஆவியாகும் தின்னர். மறுநாள் வெயில் வந்தபின் அதை மட்டும் மிக மெல்லிய படலமாக அடித்தபோது வார்னிஷ் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, வெண்மை மறைந்தது. அன்றிலிருந்து மழைநாளில் லாக்கர் தொடுவதில்லை. காற்றழுத்த மோட்டாருக்கு ஈரம் பிடிக்கும் குப்பியும் கட்டாயம், நம் ஊரில் அரை மணிக்கு ஒருமுறை அதைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு அழுக்கும் கீறலும் காட்டலாம்?

குறைவாக. 1940 கோடையில் ஸ்பிட்ஃபயரின் ஆயுள் வாரங்களில் கணக்கிடப்பட்டது. பெயின்ட் உரிந்து வெள்ளித்தகடு தெரியும் அளவுக்கு அது வாழவே இல்லை. தேய்மானம் எங்கே வரும் என்று யோசியுங்கள்: பைலட் இடது பக்கக் கதவு வழியாக ஏறுவார், எனவே இடது இறக்கை வேரில் பூட்ஸ் தடம். எஞ்சின் மூடியைக் கழற்றி மாட்டும் திருகுகளைச் சுற்றி லேசான கீறல். புகைபோக்கிக்குப் பின்னால் பழுப்புச் சாம்பல் கறை. மிடில் வாலப் அப்போது புல்தரை, எனவே சக்கரத்தில் உலர்ந்த மண்.

எட்டுத் துப்பாக்கிகளின் வாய்க்கும் பறப்பதற்கு முன் துணி ஒட்டுவார்கள், உயரத்தில் ஈரம் புகுந்து உறையாமல் இருக்க. சண்டை போட்டு இறங்கினால் துணி கிழிந்திருக்கும், இறக்கைக்கு அடியில் கரி படிந்திருக்கும். ஹார்டியின் விமானம் சண்டையிலிருந்து இறங்கியது. எனவே படத்தில் துணி எப்படி இருக்கிறது என்பது ஒரு சின்ன அலங்காரம் அல்ல, அவர் சுட்டாரா இல்லையா என்று அது சொல்லும்.

ஃபிளாப்பைத் திறந்து வைத்தால் அழகாக இருக்குமே?

அழகாக இருக்கும், சரியாக இருக்காது. ஸ்பிட்ஃபயரில் ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்பக்கத்தில் கீழே மடங்கும் பலகை) முழுக்க மேலே அல்லது முழுக்கக் கீழே, நடுநிலை கிடையாது. இறங்கியதும் பைலட் உடனே மேலே ஏற்றிவிடுவார். நிறுத்திய விமானத்தில் கீழே தொங்கும் ஃபிளாப் மிக அபூர்வம். கட்டாயம் வேண்டும் என்றால், இறக்கையின் மேல்பக்கம் ஃபிளாப் இறங்கியிருப்பதைக் காட்டும் குட்டிக் கதவு ஒன்று எழுந்து நிற்கும், அதையும் திறந்து வையுங்கள். வாலில் மேலும் கீழும் அசையும் பலகையான எலிவேட்டர் மட்டும் சற்றுத் தொங்கலாம்.

ஏரியல் கம்பிக்கு எதைப் பயன்படுத்துவது?

1/48இல் நிஜக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. கிட்டின் சட்டத் துண்டை மெழுகுவர்த்திமேல் காட்டி, இளகியதும் சுடரைவிட்டு எடுத்து இழுத்தால் நூல் வரும். ஆனால் முதலில் கம்பி இருந்ததா என்று பாருங்கள். பழைய ரேடியோ இருந்த விமானத்தில் கம்பத்திலிருந்து வால்வரை கம்பி உண்டு, புதிய வகை ரேடியோ வந்ததும் அது எடுக்கப்பட்டது.

இது போரைக் கொண்டாடுவது ஆகாதா?

என் அம்மாவே கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹார்டி சிறைப்பட்ட அதே ஆகஸ்ட் 15 அன்று, அதே ஸ்குவாட்ரனின் செசில் ஹைட் என்ற நியூசிலாந்துக்காரர் போர்ன்மவுத்தில் விழுந்து இறந்தார். செப்டம்பர் 7 அன்று பேட் ஹியூஸ் இறந்தார், 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த பிரிட்டன் வான்போரில் ஆஸ்திரேலியர்களிலேயே அதிக விமானங்களை வீழ்த்தியவர். அந்த நான்கு மாதத்தில் பிரிட்டன் பக்கம் மட்டும் விமானக் குழுவினர் 544 பேர் இறந்தார்கள். எழுத்து எங்கே இருந்தது, எந்தக் கதவு வழியாக ஏறினார்கள் என்று ஒரு வாரம் தேடுகிறபோது, அந்த இருக்கையில் உட்கார்ந்த ஆளை மறக்க முடிவதில்லை. பெட்டிப் படத்தைப் பார்த்து இரண்டு நாளில் முடித்த முதல் மாடலில் எனக்கு அந்த உணர்வு வரவே இல்லை.

முடித்த மாடலை எங்கே வைப்பது?

கண்ணாடி மூடியுள்ள பெட்டிக்குள், நேரடி வெயில் படாத சுவரில். டீகாலை வெளுக்க உதவிய அதே வெயில் மாடலின் நிறத்தையும் எடுத்துவிடும், கோடையில் மூடிய அறையில் பிளாஸ்டிக் இறக்கை வளையவும் செய்யும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அடியில் ஒரு அட்டை வைத்து விமானத்தின் எண், எழுத்துகள், ஸ்குவாட்ரனின் முழுப்பெயர், பைலட் பெயர், நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எதைப் படம் பார்த்துச் செய்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள். நாளைக்கு ஒரு புதுப் படம் கிடைத்தால் எதைத் திருத்த வேண்டும் என்று அதைத் திருப்பினாலே தெரிந்துவிடும்.